கானாவுக்குப் போட்ட ஊசி

ஜன்னல மூடிராதிய அண்ணாச்சி. கொஞ்சம் காத்து வரட்டும். சாப்பிட்ட சாப்பாடு இன்னும் நெஞ்சுலயே நிக்கி.

விசேஷ வீட்டுச் சாப்பாடுதான். ஆழ்வார்குறிச்சில என் தங்கச்சி மவ வயசுக்கு வந்ததுக்கு இன்னைக்குச் சடங்கு. தாய்மாமன் நான். கூடப் பொறந்தது வேற யாரும் கெடையாது, நான் ஒருத்தந்தான். பட்டுச் சேல, வளையலு, வெள்ளிக் கொலுசு, பழத்தட்டுன்னு ஒரு கொறையும் வைக்கல. பாளையங்கோட்டைல இருந்து வேன் பிடிச்சுக் கொண்டுவந்து எறக்குனேன். வேன்காரன் அடுத்த வாடகை இருக்குன்னு அப்படியே போயிட்டான். அதான் இப்ப பஸ்ஸுல உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்.

நல்லபடியா முடிஞ்சுதான்னு கேக்கியளா? முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னுதான் சொல்லணும். ஆனா பத்திரிகைல என் பேரு இல்ல அண்ணாச்சி. தாய்மாமன் பேரு இல்லாம சடங்குப் பத்திரிகை அடிச்சத நீங்க எங்கயாவது பாத்திருக்கியளா? எனக்குப் பத்திரிகையே வைக்கல. என் பக்கத்துக் கடைக்காரனுக்கு அந்த ஊருதான். அவன் செல்லுல வந்ததக் காட்டித்தான் எனக்கே தெரியும். கேக்கான், "என்ன நயினாரு, மருமவளுக்குச் சடங்காமே, வாயே தொறக்கல?"ன்னு. நான் சிரிச்சேன். வேற என்ன செய்ய முடியும்?

எல்லாம் ஒரு ஊசியால வந்த வென. நம்ப மாட்டிய. ஒரே ஒரு ஊசி.

என் தங்கச்சி பேரு உலகம்மா. அவ வீட்டுக்காரரு ஆவுடையப்பன். நான் அவர மாப்ளன்னு கூப்பிடுவேன், அவரு என்னைய மச்சான்பாரு. தங்கமான மனுசன், அதச் சொல்லத்தான் வேணும். ஒரு நூல் மில்லுல பிட்டரா இருந்தாரு. மிஷின் சத்தத்தக் கேட்டே எந்த பேரிங் போயிருக்குன்னு சொல்லிருவாரு. நான் பாளை மார்க்கெட்டுல மோட்டாருக்குக் காயில் கட்டுத கடை வச்சிருக்கேன். எனக்கே சந்தேகம் வந்தா அவருக்குத்தான் போன் போடுவேன்.

அவருக்கு ஒரு வியாதி வந்துது. சாயங்காலம் ஆச்சுன்னா கண்ணு மேல இமை தானா எறங்கிரும். தூக்கம் கெடையாது, முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பாரு, ஆனா இமைய மேல தூக்க முடியாது. ஒரு ஆளு ரெண்டு ஆளாத் தெரியும். சோத்த மெல்ல ஆரம்பிச்சா பாதில தாடை நின்னுபோவும். ஒரு கையால தாடையத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு மறு கையால சாப்பிடுவாரு. பாக்கவே கஷ்டமா இருக்கும். குடிச்சிட்டு வாராருன்னு மில்லுல பேசுனாவ. அவரு பீடி கூடத் தொட மாட்டாரு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போய்த்தான் கண்டுபிடிச்சோம். நரம்பு சொல்லுதது தசைக்குக் கேக்காத வியாதியாம். நெஞ்செலும்புக்குப் பின்னால தைமஸ்னு ஒரு சுரப்பி, அதுல கட்டி. நெஞ்ச நடுவுல தொறந்து சுரப்பியோட சேத்து எடுத்தாவ. அதுக்கு ரத்தம் குடுத்தது யாரு? நான். இன்னைக்குப் பத்திரிகைல பேரு இல்லாதவந்தான் அன்னைக்குக் கைய நீட்டுனவன். அத யாரும் நெனைக்க மாட்டாவ.

ஆபரேசனுக்குப் பொறவு மனுசன் நல்லா ஆயிட்டாரு. இமை எறங்கதில்ல, தாடை நிக்கதில்ல. காலைல ரெண்டு மாத்திர, அவ்வளவுதான். எனக்கும்தான் சுகருக்கு மாத்திர இருக்கு. இந்தக் காலத்துல மாத்திர இல்லாதவன் யாரு?

வீட்டுக்கு அனுப்புத அன்னைக்கு அந்த மதுரை டாக்டரு கூப்பிட்டு வச்சுச் சொன்னாரு. "இனிமே எங்க ஊசி போட்டாலும் இந்த ஆபரேஷன் விவரத்தச் சொல்லிரணும். சில தடுப்பூசில கிருமி உசுரோட இருக்கும். அது ஒங்களுக்கு ஆகாது"ன்னாரு. என் தங்கச்சி சும்மா இருக்காம, "ஊசில போயி கிருமிய உசுரோட எதுக்கு சார் வைக்காவ?"ன்னு கேட்டா. அவரும் பொறுமையாச் சொன்னாரு. கிருமியக் கொல்லாம அதோட பலத்த மட்டும் கொறச்சு உள்ள விடுவாவளாம். நல்ல ஒடம்பு அதோட சண்ட போட்டுப் பழகி வெரட்டிருமாம். பொறவு நெசக் கிருமி வந்தாலும் அடையாளம் கண்டுக்கிடுமாம். அதனால மத்தவங்களுக்கு அது நல்ல ஊசிதானாம். ஆனா காவல் கொறஞ்ச ஒடம்புல அந்த நோஞ்சான் கிருமியே தின்னு கொழுத்து எழும்பிருமாம். இவருக்கு அந்தச் சுரப்பியே இல்ல, போதாததுக்கு மாத்திரையும் காவல அமுக்கி வைக்கித மாத்திரையாம்.

நானும் பக்கத்துலதான் நின்னேன். காதுல விழத்தான் செஞ்சுது. டாக்டருமாரு ஆயிரம் சொல்லுவாவ அண்ணாச்சி. உப்பக் கொறங்காவ, வெயில்ல போவாதங்காவ. அப்படி ஒண்ணுன்னு நெனச்சேன். மோட்டாரு கருகாமக் காக்குத ரிலே மாதிரி ஒரு சாமானக் கழத்திப் போட்டிருக்காவ. ரிலே இல்லாமலும் மோட்டார் ஓடத்தான செய்யுது? தினமும் பாக்கேன்லா என் கடைல.

வியாதி போச்சு, ஆனா மில்லுல திரும்ப எடுக்கல. வீட்டுல உக்காந்து மிக்ஸி, கிரைண்டருன்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. எப்பேர்ப்பட்ட கை, அது மிக்ஸி ஜாருக்கு பிளேடு மாட்டிக்கிட்டு இருந்துது. உலகம்மா பீடி சுத்துனா. ஆம்பள வீட்டுல இருக்க பொம்பள பீடித்தட்டோட உக்காந்திருக்கதப் பாத்துட்டு அண்ணன்காரன் சும்மா இருக்க முடியுமா? நான் ஒரு ஏஜெண்டப் பிடிச்சேன். ஆப்பிரிக்காவுல கானான்னு ஒரு நாடு. அங்க முந்திரி உடைக்கித ஃபேக்டரி. மிஷின் பாக்க அனுபவமுள்ள பிட்டரு வேணும், தங்க எடம், சாப்பாடு எல்லாம் அவுகளே. ஏஜெண்டு என்கிட்ட, "நல்ல கையா ஒரு ஆளக் குடு நயினாரு. அவரு போயி நல்ல பேரு எடுத்தாருன்னா அடுத்த எடம் உன் மூத்தவனுக்குத்தான்"ன்னான். என் மவன் டிப்ளமா முடிச்சுட்டுச் சும்மா கெடந்தான். அது வேற கத. அதுக்காக நான் இதச் செய்யல. தங்கச்சிக்காகத்தான் செஞ்சேன், கேட்டியளா?

அந்த நாட்டுக்குள்ள போவணும்னா மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்டாவணும். மஞ்சக்காமாலை இல்ல, இது வேற, கொசுவால வருத காய்ச்சல். ஊசி போட்டதுக்கு ஒரு மஞ்ச அட்டை குடுப்பாவ. அட்டை இல்லன்னா எறங்க விட மாட்டாவ. நம்ம ஊருல எல்லா எடத்துலயும் போட மாட்டாவ, அதுக்குன்னு தனியா எடம் இருக்கு. மெட்ராசுக்குப் போனோம், நானும் மாப்ளையும்.

கெளம்புத அன்னைக்கே தங்கச்சி ஆரம்பிச்சுட்டா. "அண்ணே, அது உசுருள்ள கிருமி ஊசியான்னு கேளு. ஆபரேசனச் சொல்லு. மதுரை டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுப் போ"ன்னா. நான், "சரி சரி"ன்னேன். வேற என்ன சொல்ல? ரயிலுக்கு நேரம் ஆவுது. அவ என்னைய விட்டுட்டு அவரப் பிடிச்சா. "நீங்க சொல்லிருவியல்லா? வேல போனாலும் பரவால்ல. எனக்கு வாக்குக் குடுத்துட்டுப் போங்க"ன்னா. அவரு, "சொல்லிருதேம்ட்டி. உன்கிட்ட பொய் சொல்லிட்டு நான் எந்த ஊருக்குப் போவேன்?"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு.

ரயில்ல வரும்போதும் அதத்தான் சொன்னாரு. "மச்சான், டாக்டருகிட்டச் சொல்லிருவோம் மச்சான். வேண்டாம்னா திரும்பி வந்திருவோம்"னாரு. நான் சத்தம் போட்டேன். "மாப்ள, ஏஜெண்டுகிட்ட நான் வார்த்த குடுத்திருக்கேன். நெஞ்சு ஆபரேசன்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் எடுப்பானா? நல்லா இருக்க மனுசன் வாயக் குடுத்து எதுக்குக் கெடுத்துக்கிடணும்?"னேன். அவரு ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தாரு.

ஊசி போடுத எடத்துல நல்ல கூட்டம். கப்பலுக்குப் போறவன், படிக்கப் போறவன்னு எல்லாவனும் நிக்கான். எங்க மொற வந்துது. வாசல்ல நிக்கும்போதே பாத்தேன், இவரு சட்டைல மேல் பட்டன் போடல, தழும்போட மேல்நுனி தெரியுது. நானே கையக் கொண்டுபோயி பட்டனப் போட்டு விட்டேன். எவ்வளவு சூதானமா இருந்திருக்கேன் பாருங்க.

உள்ள ஒரு டாக்டரு. வயசு கொறவுதான். ஒவ்வொண்ணாக் கேட்டாரு. முட்டை ஒத்துக்கிடுமா? ஒத்துக்கிடும். காய்ச்சல் இருக்கா? இல்ல. தினமும் மாத்திர ஏதாவது? நான் சொன்னேன், "சத்து மாத்திர சார்." நெஞ்சுல, கழுத்துப் பக்கம் ஏதாவது ஆபரேஷன், சுரப்பி கிரப்பி எடுத்திருக்காங்களா? அப்பத்தான் மாப்ள வாயத் தொறந்தாரு. "சார், எனக்கு"ன்னாரு. அந்த ரெண்டு வார்த்ததான். நான் முந்திக்கிட்டேன். "சின்ன வயசுல குடலிறக்கம் ஆபரேசன் சார், வேற ஒண்ணும் கெடையாது. அவரு கொஞ்சம் பயந்த ஆளு"ன்னேன். அந்த நேரத்துல அந்தக் குடலிறக்கம் எனக்கு எப்படித்தான் தோணுச்சோ! டாக்டரு அவர ஒரு தடவை பாத்தாரு. "அப்படித்தானா?"ன்னாரு. மாப்ள என்னையப் பாத்தாரு. நான் அவரு தோள்ல கைய வச்சேன். அவரு தலைய ஆட்டுனாரு.

கைல போட்டாவ. எறும்பு கடிச்ச மாதிரிதான். வெளிய வந்து காபி வாங்கிக் குடுத்தேன். அவரு குடிக்காமக் கைலயே வச்சிருந்தாரு. "உலகம்மா கேப்பா மச்சான், நான் என்னத்தச் சொல்ல?"ன்னாரு. "சொல்லியாச்சுன்னு சொல்லுங்க. டாக்டரு ஒண்ணும் ஆவாதுன்னுட்டாருன்னு சொல்லுங்க"ன்னேன். அதையும் நாந்தான் சொல்லிக் குடுக்க வேண்டியிருந்துது.

இப்ப நீங்க ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி. அந்த டாக்டரு சட்டையக் கழத்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமா இல்லையா? ஒரு நிமிசம் ஆவுமா? நெஞ்ச ஒரு தடவை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். வாயால கேட்டாப் போதுமா? நம்ம ஆளுக வாயால நெசத்தச் சொல்லுவாவளா? படிச்சவருக்கு அது தெரிய வேண்டாமா? ஆனா அவரக் கேக்க ஆளு கெடையாது. எல்லாரும் என்னையத்தான் கேக்காவ.

ஊருக்கு வந்து மூணாம் நாளோ நாலாம் நாளோ காய்ச்சல் வந்துது. தங்கச்சி போன் போட்டா. "ஊசி போட்டாக் காய்ச்சல் வரத்தான் செய்யும்ட்டி, போட்டவனுக்கெல்லாம் வருது, ஒரு மாத்திரையக் குடு"ன்னேன். தப்பா? ஊசி போட்டுக் காய்ச்சல் வராத புள்ள இருக்கா? அவ உடனே, "அண்ணே, டாக்டருகிட்ட ஆபரேசனச் சொன்னீயல்லா?"ன்னா. "சொன்னேன் சொன்னேன்"னேன். போன்ல போயி என்னத்த விவரமாப் பேச?

மறுநாளு ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்கின்னாரு. அதுக்கு மறுநாளு கண்ணு மஞ்சளாச்சு. நான் போயிப் பாத்தேன். கண்ணு மட்டும் இல்ல, உள்ளங்கை, நாக்கு, எல்லாம் மஞ்ச. நான் காமாலன்னு நெனச்சேன். கடையத்துப் பக்கம் காமாலைக்கு மருந்து குடுக்க ஒருத்தர் இருக்காரு, எங்க ஆளுக எல்லாம் அவருகிட்டத்தான் போவோம். கூட்டிட்டுப் போயி மருந்து வாங்கிக் குடுத்தேன். வண்டில வரும்போது மாப்ள என் கையப் பிடிச்சாரு. "மச்சான், இது அந்த ஊசிதான் மச்சான். பெரியாஸ்பத்திரிக்குப் போயி நெசத்தச் சொல்லிருவோம்"ன்னாரு. நான், "நாளைக்குப் பாப்போம்"னேன். ஏன்னா இப்பப் போயிச் சொன்னா அந்த அட்டைய வாங்கி வச்சுக்கிடுவாவளோன்னு ஒரு பயம். பயணத் தேதி வேற குறிச்சாச்சு. நாலு நாளு பொறுத்தா எல்லாம் சரியாயிரும்னுதான் இருந்தேன். மனுசன் நல்லதத்தான நெனப்பான்?

நாளைக்குன்னு நெனச்சது, பொழுது விடியும்போதே ஈறுல ரத்தம். மூக்குல ரத்தம். வாந்தி எடுத்தா காபித்தூளு மாதிரி கறுப்பா வருது. உலகம்மா என்னையக் கேக்கவே இல்ல. ஆம்புலன்சக் கூப்பிட்டு அவளே திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிட்டா. எனக்குச் சொன்னதே தங்கச்சி மவதான், போன்ல.

நான் போயிச் சேரும்போது வார்டு வாசல்ல ஒரு லேடி டாக்டரு தங்கச்சிகிட்டப் பேசிக்கிட்டு இருந்தாவ. இவ எல்லாத்தையும் கொட்டிட்டா. சுரப்பி எடுத்தது, மாத்திர, கானா, ஊசி, எல்லாம். அந்த அம்மா நெத்தில கைய வச்சிட்டாவ. "தைமஸ் எடுத்தவருக்கு இந்த ஊசி போடவே கூடாதும்மா. அங்க கேட்டிருப்பாங்களே?"ன்னாவ. தங்கச்சி சொன்னா, "சொல்லிட்டோம் மேடம். சொல்லியும் போட்டாவ." அந்த அம்மா நம்பல. "சொல்லியிருந்தா போட்டிருக்கவே மாட்டாங்க. இவருக்கு ஊசி ஆகாதுன்னு விலக்குக் கடிதம் எழுதிக் குடுத்திருப்பாங்க. நிறைய நாட்டுல அத ஏத்துக்குவாங்க"ன்னாவ.

விலக்குக் கடிதம்! அப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? அத வெளிய போர்டுல எழுதிப் போட வேண்டாமா? நான் என்ன டாக்டருக்கா படிச்சிருக்கேன்?

தங்கச்சி அப்படியே என் பக்கம் திரும்புனா. "அண்ணே, சொன்னீயா, சொல்லலையா?" நான் என்னத்தச் சொல்ல, அத்தன பேரு நிக்காவ. "அவரத்தான கேட்டாவ, அவரு என்ன சொன்னாரோ, எனக்குச் சரியாக் கேக்கல, கூட்டம்"னேன். அவ உள்ள ஓடுனா அவருகிட்டக் கேக்க. அதுக்குள்ள அவருக்கு நெனவு தப்பிட்டு. ஈரல் போச்சு, கிட்னி போச்சு. மூச்சுக்கு மிஷின் வச்சாவ. எத்தன மிஷின நிறுத்தி ஓட வச்ச மனுசன், கடைசில அவரே ஒரு மிஷினுக்குள்ள கெடந்தாரு. ரெண்டு நாளுதான். திரும்ப வாயத் தொறக்கல.

இன்னொண்ணு கேளுங்க. அந்த எடம் காலியாக் கெடந்துதுல்லா, ஏஜெண்டு என் மவனக் கூப்பிட்டான். நான் போயிக் கேக்கல, அவனாத்தான் கூப்பிட்டான். அதே ஊசிதான் என் மவனுக்கும். அதே எடம், அதே டாக்டரு. கை கூட வீங்கல. ஒரு நாளு லேசா மேலு சுட்டுது, மறுநாளு பரோட்டா திங்கப் போயிட்டான். இப்ப கானாவுல நல்லா இருக்கான். ஊசி மேல குத்தம் சொல்லுதாவ, ஊசில என்ன குத்தம்? ஊசி நல்ல ஊசிதான். எல்லாத்துக்கும் ஒரு நேரம்னு ஒண்ணு இருக்கு. ஆனா என் மவன் கெளம்புனதத்தான் தங்கச்சியால தாங்க முடியல. அன்னைலருந்து பேச்சு இல்ல. சொல்லிக்கிட்டுப் போவணும்னு அவன் போயி நின்னதுக்கு, கதவத் தொறந்து பாத்துட்டுத் திரும்பச் சாத்திட்டாளாம். சின்னப் பையன் என்ன செஞ்சான்? வயித்தெரிச்சல், வேற என்ன?

மாப்ள போயிச் சேந்து ஒண்ணரை வருசமாச்சு. சாவு வீடுன்னு சடங்கத் தள்ளி வச்சிருந்தாவ. இப்ப செய்யுதாவ, எனக்குச் சொல்லல. சொல்லலன்னா என்ன, தாய்மாமன் தாய்மாமன்தான? சீரோட போயி எறங்கிட்டேன்.

பந்தல்ல நல்ல கூட்டம். நான் தட்டோட நிக்கேன். ஒருத்தரும் வாங்கன்னு சொல்லல. மாப்ள தங்கச்சி ஒருத்தி முன்னால நின்னு எல்லாத்தையும் நடத்திக்கிட்டு இருந்தா. உலகம்மா வாசப்படில நிக்கா. என்னையப் பாத்தா. வழிய விடல, போன்னும் சொல்லல. தட்டு தாம்பாளத்தோட அப்படி நிக்கது எவ்வளவு கேவலம்னு நெனைச்சுப் பாருங்க.

அப்ப மருமவ வந்தா. முத்தரசி. பதினொண்ணாவது படிக்கா. புதுச் சேலையோட எந்திரிச்சு வந்து, "மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்"னு அடுக்களைக்குப் பின்னால கூட்டிட்டுப் போனா. எனக்குச் சந்தோசம். மாமான்னு கூப்பிட்டுட்டாள்லா.

"அந்த டாக்டரு கேட்டப்ப அப்பா என்ன சொன்னாவ மாமா?"ன்னா.

நான், "இப்ப எதுக்குத்தாயி அதெல்லாம், நல்ல நாளும் அதுவுமா"ன்னேன்.

"இல்ல மாமா, சொல்லுங்க. அம்மா தெனமும் கேக்கா. 'என்கிட்ட வாக்குக் குடுத்துட்டுப் போன மனுசன் சொல்லாம இருந்திருப்பாரா? என்கிட்டயே சொல்லிட்டேன்னு பொய் சொன்னாரா?'ன்னு தனியா இருந்து பேசுதா. எனக்குப் பயமா இருக்கு. அப்பா சொல்ல வந்தாவளா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும். அம்மாவுக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

நீங்க என் எடத்துல இருந்தா என்ன சொல்லுவிய? சொல்ல வந்தாரு, நாந்தான் முந்திக்கிட்டேன்னு சொல்ல முடியுமா? வெளிய எறநூறு பேரு பந்தில உக்காந்திருக்கான். செத்தவருக்கு இனிமே என்ன வந்திரப் போவுது? இருக்கவன் நான்லா நாளைக்கும் இந்தக் குடும்பத்துக்கு வந்து நிக்கணும்? அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் காட்சின்னா யாரு வருவா?

"இல்லத்தா. உங்கப்பாவுக்கு வேலைக்குப் போவணும்னு ஆச. நான் சொல்லுங்க சொல்லுங்கன்னேன், அவருதான் வேண்டாம்னு என் கையப் பிடிச்சு அமுக்கிட்டாரு. உங்களுக்காகத்தான் மறைச்சாரு, நல்ல மனசுதான்"னேன். நல்ல மனசுன்னும் சேத்துத்தான சொன்னேன்?

அந்தப் புள்ள அழுவல. நேராப் போயி அவ அம்மா காதுல சொன்னா. நான் தூணுப் பக்கமா நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். உலகம்மா மொகம் என்னமோ ஆச்சு. கோவம் இல்ல. வெளக்க அணைச்ச மாதிரி ஆச்சு. அப்படியே வந்தா என் முன்னால. "உள்ள வாண்ணே"ன்னா. ஒண்ணரை வருசத்துக்குப் பொறவு ஒரு வார்த்த.

என் எடத்துல என்னைய நிப்பாட்டுனாவ. மாலையப் போட்டேன், சேலையக் குடுத்தேன், எல்லாம் மொறப்படி நடந்துது. புள்ள ஆசீர்வாதம் வாங்கணும். பெஞ்சு மேல ஆவுடையப்பன் படத்த எடுத்து வச்சிருந்தாவ, அது முன்னாலதான் மொத நமஸ்காரம்னு. புள்ள அங்க போவுது. உலகம்மா கையப் பிடிச்சு நிப்பாட்டிட்டா. "அங்க வேண்டாம். மாமா கால்ல விழு"ன்னா. மாப்ள தங்கச்சி என்னமோ சொல்ல வந்தா. உலகம்மா காதுலயே வாங்கல. படத்தத் தூக்கி உள்ள கொண்டுபோயி வச்சிட்டா.

எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துது. ஆனாலும் மொறன்னு ஒண்ணு இருக்குல்லா. புள்ள வந்து என் கால்ல விழுந்துது. நான் திருநீறு பூசி, நல்லா இரு தாயின்னு தலைல கைய வச்சேன். வச்ச கைய எடுக்கதுக்குள்ள அவ ரெண்டு கையாலயும் என் கையப் பிடிச்சு அவ உச்சந்தலையோட அழுத்திக்கிட்டா. யாருக்கும் கேக்காத மாதிரி மெதுவாக் கேட்டா, "நீங்க சொன்னது நெசந்தான மாமா? இப்பச் சொல்லுங்க."

பந்தல் பூரா எங்களையே பாக்கு. போட்டோக்காரன் வேற, "மாமா அப்படியே நில்லுங்க"ங்கான். கைய உருவப் பாத்தேன், வரல, அந்தப் பிடி பிடிச்சிருக்கா.

"ஆமாத்தா, சத்தியமா"ன்னேன்.

வேற என்ன சொல்லச் சொல்லுதிய? பொறவு இலையப் போட்டு உக்கார வச்சாவ. பாயசம் வச்சாவ. சாப்பிட்டுட்டுச் சொல்லிக்கிட்டுக் கெளம்பி வந்துட்டேன்.

பெத்த புள்ள மாதிரி அண்ணாச்சி அவ எனக்கு. அவ தலைல கைய வச்சு நான் கெட்டது நெனைப்பனா? இதெல்லாம் சும்மா சொல்லுததுதான. தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணுனா அந்தப் புள்ளைக்கு என்னமோ ஆயிரும்னு ஊருல பேசுவாவ, அதெல்லாம் படிக்காத காலத்துப் பேச்சு. நீங்க படிச்சவுக மாதிரி இருக்கிய. சொல்லுங்க.

ஒண்ணும் ஆவாதுல்லா அண்ணாச்சி?